சுமத்ராவிலிருந்து திரும்பி வந்தவளுக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இப்போது எங்கு பார்த்தாலும் தோண்டுகிறார்கள். பழைய ரயில்வே யார்டு இருந்த இடத்தில் பெரிய ஸ்டேஷன் வரப்போகிறதாம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறேன். நேற்றுக் காலை டீ குடிக்க நின்றபோது, பக்கத்து மேசையில் மஞ்சள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு கட்டடத் தொழிலாளி சிகரெட்டைப் பற்றவைத்தார். கிராம்பு கலந்த சிகரெட். அந்த இனிப்புப் புகை மேசையைத் தாண்டி வந்து என் முகத்தில் பட்டது. எந்த ஊர் என்று மலாயில் கேட்டேன். சுமத்ராவில், மேடானுக்குப் பக்கம் என்றார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆபீஸில் நாள் முழுக்க உன் தலை என் மடியில் கனத்துக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே, ஒரு பிக்அப் லோரியின் பின்னால், உன் முகத்தில் வெயில் படாமல் என் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேனே, அந்தக் கனம்.

நீ எங்கள் வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வந்தவள். கிள்ளான்காரி. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிய உன் அப்பா, உன் பெட்டியையும் மெத்தையையும் தன் லோரியிலேயே கொண்டுவந்து இறக்கினார். கடைசியாக ஒரு சைக்கிள் இறங்கியது. அம்மா அதை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துக் கட்டுப்பாடு. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்துக் காலமானவர். இருபத்தேழு வயதில் எனக்குச் சைக்கிள் ஏறத் தெரியாது. ஏற வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த திடலில் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்த களைப்போடு, வெள்ளைச் சீருடையைக்கூட மாற்றாமல், சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவாய். நான் விழுந்தால் தூக்கிவிட மாட்டாய். முழங்காலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லை, தோலுதான். ஏறு," என்பாய். நாலைந்து மாதத்தில் நாம் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான் வரை போய் உன் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற அளவுக்கு நான் தேறிவிட்டேன். பிறகு மோரிப் கடற்கரை. பிறகு கோலசிலாங்கூர். ஒருநாள் படுக்கையில் வரைபடத்தை விரித்துப் போட்டு, மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் விரலை வைத்தாய். தோபா ஏரி.

"கப்பல்ல சைக்கிளை ஏத்திக்கலாம். பினாங்குல ஏறி அந்தப் பக்கம் இறங்குனா மேடான். அப்புறம் மலை. அப்புறம் ஏரி. பாஷையும் தெரிஞ்ச பாஷை. வர்றியா?"

அம்மாவிடம் கேட்டபோது, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு குமர்ப் பிள்ளையள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டப் போறியளோ? ஆக்கள் என்ன சொல்லுவினம்?" நீ சிரிக்காமல் பதில் சொன்னாய்: "ஆன்டி, ஒரு ஆள் நர்ஸு, ஒரு ஆள் இன்சூரன்ஸு. எங்களைவிட யாரு ஒழுங்கா போய் வருவா?" அம்மா சுவாமி அறைக்குப் போனார். விபூதியை மடித்து இரண்டு பொட்டலமாகக் கொடுத்தார்.

ஆனால் இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னது இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த நான் இல்லை. நீ. ஊர் ஊராய்ப் போகிறவர்களின் பயணக் காப்புறுதிப் பாலிசிகளை டைப் அடித்து, முத்திரை குத்தி, உறையில் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. எனக்கு அது வெறும் காகிதம். "ஒரு வாரம் போய்ட்டு வர்றதுக்கு அதெல்லாம் எதுக்குடி?" என்றேன்.

"நீ பேப்பரைப் பாக்குற. நான் ஆளைப் பாக்குறேன்லா," என்றாய். உங்கள் எமர்ஜென்சி வார்டுக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னாய். தாய்லாந்தில், ஹட்யாயில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு, அங்கே ஆபரேஷனுக்கு வழியில்லாமல், டாக்சியின் பின் சீட்டில் படுத்துக்கொண்டே எல்லையைத் தாண்டி கே.எல். வரை வந்தவர். "வந்து சேந்தப்போ காலு கறுத்துப் போச்சு. எடுக்கத்தான் முடிஞ்சிச்சு. அங்கேயே பாத்திருந்தா காலு இருந்திருக்கும்."

அதோடு விட்டாயா? பாலிசியை வாங்கிக் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துவரை படித்தாய். ஆபத்தான விளையாட்டுகளுக்கு இழப்பீடு இல்லை என்று ஒரு வரி இருந்தது. அதன்மேல் விரலை வைத்து, "சைக்கிள்ல போறது இதுல வருமா வராதா? கேட்டுட்டு வா," என்றாய். எங்கள் மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரேஸா?" என்று கேட்டார். "இல்லை சார், ஹாலிடே." சிரித்துக்கொண்டே பாலிசியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய சிங்கப்பூர் நம்பரையும், இரண்டு பேரின் ரத்த வகையையும் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக்கில் போட்டு, சட்டைப் பைக்குள் வைக்கச் சொன்னாய். என் ரத்த வகை என்னவென்று எனக்கே தெரியாது. நீதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் பரிசோதித்துச் சொன்னாய். எனக்கு பி. உனக்கு ஓ.

நீ விழுந்தது ஒரு பெரிய விபத்தே இல்லை. இன்றைக்கும் கேட்பவர்கள் பஸ் மோதியதா, பள்ளத்தில் உருண்டாயா என்றுதான் கேட்கிறார்கள். ஏரிக்கரைக்கு இறங்கும் மலைச்சாலையில் ஒரு வளைவு. வளைவில் கொஞ்சம் சரளைக்கல். உன் முன்சக்கரம் வழுக்கியது. ஹேண்டில் திரும்பி, அதன் முனை உன் இடது விலாவுக்குக் கீழே குத்தியது. நீ எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாய். முழங்கையில் சிராய்ப்பு. நான் பதறிக்கொண்டு இறங்கியபோது நீ சைக்கிள் செயினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "ஒண்ணும் இல்லை, தோலுதான்," என்றாய். மறுபடி ஏறி ஓட்டினோம்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். நீ ஓரமாக நிறுத்தி, ஒரு மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

"தோள்லயும் அடியா?" என்றேன்.

"இல்லைலா. தோள்ல அடியே படலை. அதான் யோசிக்கிறேன்."

உன் மணிக்கட்டை நீயே பிடித்து, என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாடித்துடிப்பை எண்ணினாய். பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்தாய். நோயாளியின் வயிற்றை அழுத்துகிற முகம் அது. உன் வயிறு என்பதே உனக்கு நினைவில்லாத மாதிரி இருந்தது. உதடு வெளுத்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தபோதுதான் நான் பயந்தேன், ஏனென்றால் நீ குரலைத் தாழ்த்திப் பேசினாய்.

"கலா, நல்லா கேளு. உள்ளுக்குள்ள ரத்தம் கசியுது. மண்ணீரல்னு நினைக்கிறேன். உள்ள ரத்தம் தேங்குனா தோள் வலிக்கும். எனக்குத் தண்ணி குடுக்காதே, கேட்டாலும் குடுக்காதே. வர்ற வண்டியை நிறுத்து. எந்த வண்டியா இருந்தாலும்."

முதலில் வந்த கார் நிற்கவில்லை. அடுத்து வந்தது முட்டைக்கோஸ் ஏற்றிய பிக்அப். ஓட்டி வந்தவர் பெயர் தோகார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நாற்பது வயது இருக்கும், உதட்டில் கிராம்பு சிகரெட். நான் மலாயில் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவர் பின்பக்கக் கதவை இறக்கிவிட்டு, நடுவில் இடம் வரும்வரை மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புல்லில் எறிய ஆரம்பித்துவிட்டார். சந்தைக்குப் போக வேண்டிய காய்கள் சாலையெல்லாம் உருண்டன. சைக்கிள்கள் அந்த மைல்கல்லுக்குப் பக்கத்திலேயே கிடந்தன. அவற்றை நாம் திரும்பப் பார்க்கவே இல்லை.

"காலைத் தூக்கி மூட்டை மேல வை. தலை உன் மடியில இருக்கட்டும்," என்று நீயே சொல்லிச் சொல்லிப் படுத்துக்கொண்டாய். ஆஸ்பத்திரி இருந்த சியாந்தார் ஊருக்குப் போகும்வரை பாதை முழுக்க வளைவு. உன் மணிக்கட்டு என் விரல்களுக்குள் இருந்தது. "எண்ணிக்கிட்டே இரு. பேசிக்கிட்டே இரு. நான் பதில் சொல்லாம போனா கன்னத்துல அடி," என்றாய். என்ன பேசினேன் என்று நினைவில்லை. எங்கள் ஆபீஸ் டைப்ரைட்டரில் எந்த எழுத்து சிக்கிக்கொள்ளும் என்பதைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறேன். நீ கண்ணை மூடிக்கொண்டே, "புதுசு கேட்டு வாங்கு," என்றாய். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் முன்னாலிருந்து தோகார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஒன்றன் முனையில் இன்னொன்றாகச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை ஜன்னல் வழியாகப் பின்னால் வந்து நம்மேல் படர்ந்துகொண்டே இருந்தது.

அது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. தலை நரைத்த ஒரு சர்ஜன் உன் வயிற்றில் ஊசி போட்டு இழுத்தார். ஊசியில் ரத்தம் வந்தது. "நான் நர்ஸ்," என்று நீ மலாயில் சொன்னாய். "அப்படியானால் உனக்கே தெரியும்," என்றார் அவர். நீ தலையாட்டினாய்.

வெளியூருக்குப் பேச எதிரே இருந்த டெலிபோன் கடைக்கு ஓடினேன். சிங்கப்பூர் நம்பரை எடுத்தவர் பாலிசி நம்பர், பெயர், இருக்கும் இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரேஸில் ஓட்டினீர்களா என்றும் கேட்டார். இல்லை, சைக்கிள் ஹாலிடே, பாலிசியிலேயே எழுதியிருக்கிறது என்றேன். பிறகு ஒரு டாக்டர் லைனில் வந்தார். மேடானுக்கு மறுநாள் காலை ஒரு விமானம் அனுப்பலாம், டாக்டரும் நர்ஸும் கூட வருவார்கள், சிங்கப்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம், நோயாளி அதுவரை தாங்குவாரா என்று அங்கே உள்ள டாக்டரைக் கேளுங்கள் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தினமும் முத்திரை குத்திய காகிதத்துக்குள் ஒரு விமானம் இருந்ததை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். சிங்கப்பூர் என்றதும் என் மனசு அங்கேயே போய்விட்டது. ஓடு வேய்ந்த இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், சுவர்ப்பல்லி ஓடுகிற இந்த அறையில், உன் வயிற்றைக் கிழிக்க விடுவதா?

"பிளேன் வர்ற வரைக்கும் நான் இருக்க மாட்டேன்," என்றாய். "சர்ஜன் கையைப் பாத்தேன். நடுக்கமே இல்லை. இங்கேயே வெட்டச் சொல்லு."

"அப்புறம் கம்பெனி காசு குடுக்க மாட்டேன்னுட்டா?"

"சொல்லட்டும்லா. உயிரோட இருந்து சண்டை போடுவோம்."

சர்ஜன் நீட்டிய பேப்பரில் நீயே கையெழுத்துப் போட்டாய். கோணலான கையெழுத்து. நான் மறுபடி ஓடிப்போய்ச் சிங்கப்பூர் டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "நோயாளி நர்ஸ் என்கிறீர்கள். அவர் சொல்வது சரி. காத்திருக்க வேண்டாம், செலவுக்கு நாங்கள் பொறுப்பு என்று ஃபேக்ஸ் அனுப்புகிறோம்," என்றார். ஃபேக்ஸ் வந்ததா இல்லையா என்று அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு யாருமே கேட்கவில்லை. சர்ஜன் கேட்டது ஒன்றைத்தான். டாரா. ரத்தம்.

அங்கே ரத்தம் சேமித்து வைக்கும் வசதி இல்லை. நான் கையை நீட்டினேன். "நீங்கள் பி, இவருக்கு ஆகாது," என்று அட்டையைப் பார்த்த ஒரு நர்ஸ் என் கையை மெல்ல இறக்கிவிட்டார். நர்ஸிங் படிக்கும் பெண்கள் வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், பாதி முட்டைக்கோஸைச் சாலையில் கொட்டிவிட்டு வந்த தோகார் நின்றார். சிகரெட்டை அணைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஓ.

உன்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தாய். "எங்க அம்மாகிட்ட இப்ப சொல்லாதே. முடிஞ்சப்புறம் சொல்லு. எதுவா இருந்தாலும் முடிஞ்சப்புறம்."

கதவு மூடியதும் தோகார் என் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் கிறிஸ்தவர், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நான் அம்மா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து விபூதி பூசிக்கொண்டேன். அவருக்கும் நீட்டினேன். என்னவென்று கேட்காமல் நெற்றியில் இட்டுக்கொண்டார். மாலை வெயில் வராந்தாவில் சாய்ந்தபோது சர்ஜன் வெளியே வந்து, முகமூடியைக் கழற்றிவிட்டு, "சந்தைக்குப் போகலாம்," என்று தோகாரைப் பார்த்துச் சிரித்தார். அப்படித்தான் நீ பிழைத்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது.

கண் விழித்ததும் நீ கேட்டது கண்ணாடி. கண்ணாடியை வயிற்றுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லித் தையலைப் பார்த்தாய். "நல்லா தைச்சிருக்காரு," என்று பாராட்டினாய். சர்ஜன் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மண்ணீரலைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டேன் என்றார். அது இல்லாமலும் வாழலாம், ஆனால் காய்ச்சல் வந்தால் மட்டும் வீட்டில் படுத்திருக்கக் கூடாது, காய்ச்சல் வந்த அந்த மணியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நீ அதை மலாயிலேயே திருப்பிச் சொன்னாய், மாணவி பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

கம்பெனி ஒரு நர்ஸைத் துணைக்கு அனுப்பி நம்மை விமானத்தில் அழைத்து வந்தது. "எனக்கே நர்ஸா," என்று வழியெல்லாம் சொல்லிச் சிரித்தாய். சிரித்தால் தையல் வலிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொள்வாய். சுபாங் விமான நிலையத்தில் உன் அம்மாவும் தம்பியும் நின்றார்கள். உன்னை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அந்த நர்ஸ் நம் கையைக் குலுக்கினார். தன் பொறுப்பு இத்துடன் முடிகிறது என்றார். அதுதான் பாலிசியில் உள்ள கடைசி வரியும். ஊர் திரும்பியதும் பாதுகாப்பு முடிந்துவிடும். எத்தனையோ பேருக்கு அந்த வரியை டைப் அடித்திருக்கிறேன். ஊருக்கு வந்துவிட்டால் இனி என்ன பயம் என்பதுதானே அதன் அர்த்தம் என்று நினைத்திருக்கிறேன்.

பிறகு இரண்டு வருடம். நீ மறுபடி வார்டுக்குப் போனாய். போட வேண்டிய தடுப்பூசியைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டாய். கைப்பையில் எப்போதும் மாத்திரை வைத்திருந்தாய். தும்மினாலும் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு அம்மாவோடு தொலைக்காட்சி பார்ப்பாய். அம்மா உன்னைத் தன் மகளாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். "பிள்ளை சாப்பிட்டதோ?" என்று முதலில் உன்னைப் பற்றித்தான் கேட்பார். புதிய சைக்கிள்கூட வாங்கினாய். கிள்ளான் வரைக்கும் போக முடியவில்லை, ஆனால் திடலைச் சுற்றி வந்தாய். இந்த முறை நான் உன் பின்னால் வந்தேன்.

அன்று உன் தம்பி குழந்தையின் பிறந்தநாளுக்காகக் கிள்ளானில் உன் அம்மா வீட்டில் இருந்தாய். விடிந்து எழும்போது குளிர் நடுக்கம். நீ தேநீர்கூடக் குடிக்கவில்லை. பையில் இருந்த மாத்திரையை விழுங்கிவிட்டுத் தம்பியை எழுப்பி, "இது சாதா காய்ச்சல் இல்லை. நேரா எமர்ஜென்சிக்கு விடு," என்றாயாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டரிடம், "எனக்கு மண்ணீரல் இல்லை," என்றாயாம். அவரும் புரிந்துகொண்டவர். உட்கார வைக்கவில்லை, காத்திருக்க வைக்கவில்லை, உடனே ஊசி மருந்தை ஏற்றினார்கள். ஒருவரும் ஒரு தவறும் செய்யவில்லை. இதை நான் பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரையாவது குறை சொல்ல முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உன் தம்பி ஆபீஸுக்குப் போன் செய்தான். நான் டாக்சியில் வந்து சேர்ந்தபோது நீ விழித்துத்தான் இருந்தாய். மூச்சு வேகமாக வாங்கியது. என்னைப் பார்த்துக் கண்ணால் உன் காலைக் காட்டினாய். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தில் கருஞ்சிவப்புத் திட்டுத்திட்டாக ஏதோ படர்ந்திருந்தது. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உன் அம்மா தலைமாட்டில் நின்று உன் முடியைக் கோதிக்கொண்டிருந்தார். அவர் பார்க்காமல் போர்வையை இழுத்து மூடும்படி விரலை அசைத்தாய். மூடினேன்.

"அம்மா காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை," என்றாய். "கீழ கூட்டிட்டுப் போய் ஏதாச்சும் சாப்பிட வைலா."

"நீ தனியா இருப்பியா?"

"தம்பி இருக்கான். போ."

மணியோசை மாதிரித் தெளிவான குரல் உனக்கு. அன்று அது காற்றாக வந்தது. கேன்டீனில் உன் அம்மாவுக்கு ஒரு தோசையைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். திரும்பி வந்தபோது உனக்குக் குழாய் போட்டு மயக்கத்தில் வைத்திருந்தார்கள். பொழுது சாயும்போது போய்விட்டாய். உன் அம்மா அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் எங்களைக் கீழே அனுப்பினாய் என்று நினைக்கிறேன். சாகிறவர்களின் கட்டில் பக்கத்திலிருந்து தாய்மாரை நகர்த்திக் கூட்டிப்போவது உன் வேலையாகவே இருந்திருக்கிறது, எத்தனையோ தடவை.

உன் அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானுக்குப் போகிறேன். இப்போது கம்யூட்டர் என்ற மின்சார ரயில் வந்துவிட்டது, சுலபம். உன் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் நுழைந்ததும் உள்ளே பார்த்து, "கலா வந்திருக்கு," என்று சத்தமாகச் சொல்வார். சமையலறையில் நானும் உன் அம்மாவும் உட்கார்ந்து கீரை ஆய்வோம். ஒவ்வொரு வாரமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"தெரியாத ஊர்ல, நடு ரோட்டுல விழுந்து பிழைச்சு வந்தவம்மா. சொந்த ஊர்ல, கைக்கெட்டுன தூரத்துல ஆஸ்பத்திரியை வச்சுக்கிட்டு எப்படிம்மா போனா?"

டாக்டர் சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். மண்ணீரல் என்பது என்ன, அது இல்லாவிட்டால் கிருமி எப்படி ரத்தத்தில் பரவும், எத்தனை சீக்கிரம் பரவும். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த வாரம் மறுபடி கேட்பார். அவர் கேட்பது அதை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆபீஸில் அந்தப் பாலிசிகளை இன்றும் நான்தான் டைப் அடிக்கிறேன். சைக்கிளில் போகிறோம் என்று யாராவது சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு, எந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டும், எந்த நம்பரைச் சட்டைப் பைக்குள் வைக்க வேண்டும், ரத்த வகை தெரியுமா என்றெல்லாம் விளக்கிச் சொல்லி அனுப்புகிறேன். அதெல்லாம் நீ சொல்லிக்கொடுத்தது. ஆனால் உன் அம்மாவுக்கு எதை எழுதி உறையில் போட்டுக் கொடுப்பேன்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, வேறொன்றைக் கேட்டார்.

"விழுறதுக்கு முன்னாடி அங்க சந்தோசமா இருந்தாளா?"

இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. என் அம்மா கேட்கவில்லை, ஆபீஸில் கேட்கவில்லை, உன் வார்டு நர்ஸுகள் கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பயணம் என்றாலே ஒரு வளைவு, கொஞ்சம் சரளைக்கல், அங்கிருந்துதான் எனக்கு எல்லாமே தொடங்கும். அதற்கு முன்னால் நாலு நாள் இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

கீரையை வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். கப்பலில் நீ தூங்கவே இல்லை, மேல்தளத்தில் நின்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டு வந்தாய் என்றேன். பெரஸ்தாகி ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன், நீ மேலே போய்ச் சேர்ந்துவிட்டு, இரண்டு சோளக் கதிர் சுட்டு வாங்கிக்கொண்டு திரும்ப இறங்கி வந்து என்னோடு நடந்தாய் என்றேன். மலையில் இரவு குளிரில் பல் கிட்டித்து, கொண்டுபோன துணியை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததைச் சொன்னேன். ஒரு ஊரில் சர்ச்சில் பாட்டுச் சத்தம் கேட்டு நீ சைக்கிளை நிறுத்திவிட்டாய். உள்ளே ஒரு கல்யாணம். யாரென்றே தெரியாதவர்கள் நம்மை இழுத்து உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். அவர்கள் ஆடியபோது நீயும் எழுந்து அந்த வரிசையில் சேர்ந்துகொண்டாய். கையை எப்படிக் குவித்து, தோளை எப்படி அசைக்க வேண்டும் என்று ஒரு கிழவி சொல்லிக்கொடுத்தாள், நீ அப்படியே ஆடினாய் என்றேன்.

"அவளுக்கு ஆடத் தெரியுமா?" என்றார் உன் அம்மா.

"நல்லா ஆடுனாம்மா."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டும்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் கேட்கிறார். நான் சொல்லச் சொல்ல, மறந்துபோனவை ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டாவது வாரமே, நீ விழுந்த அந்தக் கடைசிக் காலை வந்தது. மேட்டின் விளிம்பில் பனிமூட்டமாக இருந்தது, பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. நாம் சாலையோரம் நின்று காத்திருந்தோம். திரை விலகுகிற மாதிரி மூட்டம் கீழிருந்து கலைந்தது. முதலில் ஒரு நீலக் கீற்று. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு கண் கொள்ளாத அளவுக்குத் தண்ணீர், அதன் நடுவே ஒரு பெரிய தீவு, அதன்மேல் வெயில். நீ சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு விளிம்புவரை நடந்தாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இப்படி ஒண்ணு இருக்குன்னு நமக்கு யாருமே சொல்லலையே, கலா," என்றாய்.

உன் அம்மாவிடம் அதுவரைக்கும் சொல்வேன். அந்த வளைவுக்கு முன்னால் நிறுத்திவிடுவேன். அவரும் அதற்கு மேல் கேட்பதில்லை.